அட்டை இல்லாம மிட்டாய் கிடையாது

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்தப் பைய மேல வைக்காதீக. இந்த பஸ்ல மேல வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்காது, ஒரு பள்ளத்துல எறங்குனாப் போதும், முன்சீட்டுக்காரன் மண்டையில போயி உக்காந்துக்கிடும். காலுக்கடியில வைங்க. எங்காலப் பாத்து. வலது கால்ல ஒரு சின்னப் புண்ணு. ஒண்ணுமில்ல, பாகு தெறிச்சது.

என்ன, வாசமா இருக்கா? இருக்கும். எம்மேல எப்பவும் கருப்பட்டி வாசம் அடிக்கும், குளிச்சாலும் போகாது. சிந்தலூத்து ராமசுப்பு மிட்டாய்க்கடைனு கேள்விப்பட்டிருப்பீகளே? இல்லையா? எந்தூரு நீங்க? அட, ரெம்பத் தூரம். அப்பச் சரி. அங்கிட்டெல்லாம் ஜிலேபிதான் திம்பாக, பாவம். இந்தாங்க, பொட்டலம் இருக்கு, எடுத்துக்கிடுங்க.

பொறுங்க, பொறுங்க. கைய நீட்டுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு சுகர் உண்டா? பாத்திருக்கீகளா? எப்பப் பாத்தீக? போன மாசமா, இல்லேன்னு சொன்னாகளா? அட்டை கிட்டை கையில இருக்கா? சரி விடுங்க, மூஞ்சியப் பாத்தாப் பொய் சொல்ற ஆளாத் தெரியல. ஒண்ணு எடுத்துக்கிடுங்க. ஒண்ணுதான்.

சிரிக்காதீக அண்ணாச்சி. மிட்டாய்க்கடைக்காரன் அட்டை கேக்கான்னு சிரிக்கீக. எங்க ஊர்லயும் மொதல்ல சிரிச்சாக. இப்ப ஒருத்தரும் சிரிக்கிறதில்ல, மடியில அட்டைய முடிஞ்சுக்கிட்டு வாராக. என்னய இந்தக் கதிக்கு ஆளாக்குனது யாருங்கீக? ஓட்டாஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு இருக்குற கோவம் கொஞ்சநஞ்சமில்ல. சொல்லுதேன் கேளுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க.

போர்டுல பேரு பெருசா எழுதியிருக்கும், கிராம மக்கள் கூட்டு மருத்துவமனை அறக்கட்டளைனு. அம்புட்டையும் எவன் சொல்லுவான்? ஓட்டாஸ்பத்திரிதான். இப்ப மூணு மாடிக் கட்டடம், மருந்துக்குக் கூட ஒரு ஓடு கெடையாது, ஆனாலும் ஓட்டாஸ்பத்திரிதான். ஏன்னா, நான் பொறக்குறதுக்கு முன்னால எங்க ஊர்ப் பிள்ளத்தாச்சி ஒருத்திய மாட்டுவண்டியில டவுனுக்குக் கொண்டு போயிருக்காக. பாதி வழியிலயே போயிட்டா. வயித்துப் பிள்ளையும் போச்சு. அதுக்குப் பெறகு பன்னெண்டு ஊரு கூடிப் பேசி, இடிஞ்சு கெடந்த, பருத்தி மூட்டை அடுக்குற கிட்டங்கி ஒண்ண வாங்கி, இத ஆஸ்பத்திரி ஆக்குவோம்னாக. எங்கிருந்தோ ஒரு டாக்டரும் அவரு சம்சாரமும் வந்தாக, சம்சாரமும் டாக்டர்தான். சுவரு இருக்கு, கூரை இல்ல. வீட்டுக்கு ஒரு ஓடுனு தீர்மானம் போட்டாக. பன்னெண்டு ஊர்லயும் ஆளாளுக்குத் தன் வீட்டுக் கூரையில இருந்து ஒரு ஓட்ட உருவிக் குடுத்தாக. பெருமையாத்தான் இருந்துச்சு, ஒரு மழை பெய்யிற வரைக்கும். ஒவ்வொரு வீட்டு ஓடும் ஒவ்வொரு அளவுல்ல அண்ணாச்சி? ஒண்ணோட ஒண்ணு எப்பிடிப் பொருந்தும்? ஆஸ்பத்திரிக்குள்ளயும் ஒழுகுது, ஓடு குடுத்த அத்தன வீட்டுக்குள்ளயும் ஒழுகுது. மொதப் பிரசவத்த உள்ள குடை பிடிச்சுக்கிட்டுப் பாத்தாகளாம். பிள்ள சொகமாப் பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள. அது இப்பப் பேரன் பேத்தி எடுத்திருச்சு.

எங்கய்யா எத்தன ஓடு குடுத்தாரு தெரியுமா? பதினொண்ணு. ஊரெல்லாம் ஒண்ணு, எங்கப்பன் பதினொண்ணு. மிட்டாய்ப் பட்டறைய மொட்டையாக்கிப்புட்டாருனு எங்காத்தா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. அப்ப அது யாரு ஆஸ்பத்திரி? என் ஆஸ்பத்திரிதான? அந்த உரிமையிலதான் கோவப்படுதேன். அடுத்தவன் ஆஸ்பத்திரினா நான் ஏன் கோவப்படப் போறேன்?

செவ்வாக்கெழமை தோறும் எங்க ஊருக்கு ஆஸ்பத்திரி வேன் வரும். மாசமா இருக்குறவகளுக்கு ஊசி, பிரசர் பாக்குறது, கண்ணு பாக்குறது, படுத்த படுக்கையாக் கெடக்குறவுக வீட்டுக்கே போயிப் புண்ணு கழுவிக் கட்டுறதுனு எல்லாம் செய்வாக. நல்லாத்தான் செய்வாக, நான் இல்லங்கல. வருசக்கணக்கா ஸ்கூல் பக்கத்துலதான் நிப்பாக. இந்த ஆடி மாசம் புதுசா ஒரு சிஸ்டர் வந்தா, ஜெபராணினு. வந்த அன்னைக்கே ஊர ஒரு சுத்து சுத்திப் பாத்தா. நெழல் எங்க இருக்கு? எங்கடை முன்னால, பூவரச மரத்தடியில. வேனக் கொண்டாந்து அங்கன நிப்பாட்டிட்டா. மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. கூட்டம் வரும்ல, யாவாரம் ஆகும்ல.

ஆச்சு யாவாரம்! மேசையப் போட்டு உக்காந்தா. விரல்ல ஒரு குத்து, ஒரு பொட்டு ரத்தம், ஒரு சின்ன மிசினுல வச்சுப் பாக்கா, "ஒங்களுக்கு சுகர் இருக்கு, இனிப்பு ஆகாது"ங்கா. எங்க உக்காந்துக்கிட்டு? எம் மிட்டாய்த் தட்டுக்கு நேரா உக்காந்துக்கிட்டு! இனிப்புனு சொல்லும்போதெல்லாம் கை தன்னால எங்கடைப் பக்கம் நீளுது. ரெண்டு வாரம் பொறுத்தேன். நான் கோவக்காரன் இல்ல பாத்துக்கிடுங்க. மூணாவது வாரம் ஜல்லிக்கரண்டியும் கையுமா நேராப் போயிட்டேன்.

"சிஸ்டரே, எங்க கடையில சீனி கெடையாது. கருப்பட்டி. கருப்பட்டி ஒடம்புக்கு நல்லது"ன்னேன்.

"அண்ணே, நாக்குக்குத்தான் ரெண்டும் வேற. ரத்தத்துக்குள்ள போயிட்டாக் கருப்பட்டியும் சீனியும் ஒண்ணுதான்"ங்கா.

யார்ட்ட? நாப்பது வருசமாப் பாகு காய்ச்சுறவன்ட்ட!

"அப்ப நான் கடைய மூடிட்டு ஒங்க வேன்ல வந்து பஞ்சு உருட்டட்டா?"

"ஏன் மூடணும்? எல்லாரும் திங்கக் கூடாதுனு நான் சொல்லலையேண்ணே. யாரு திங்கலாம், எம்புட்டுத் திங்கலாம்னு தெரிஞ்சு குடுத்தாப் போதும்ல. அதுக்குத்தான அட்டை குடுக்கோம்."

பச்சை அட்டைனா சுகர் இல்ல. மஞ்ச அட்டைனா இந்தா வந்துருவேன்னு வாசல்ல நிக்கி. செவப்பு அட்டைனா உள்ள வந்து உக்காந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஒரு பலகையில எழுதிக் கடையில மாட்டிட்டேன். அட்டை இல்லாம மிட்டாய் கிடையாது. பச்சைக்குக் கேட்டதெல்லாம் உண்டு. மஞ்சளுக்கு ஒண்ணு. செவப்புக்குச் சேவு மட்டும், அதுவும் ஒரு கைப்பிடி. சிஸ்டர் சொல்லி எழுதல அண்ணாச்சி, அவ அப்பிடிச் சொல்லவே இல்ல. ரோசத்துல எழுதுனேன். ராமசுப்பு மிட்டாயத் தின்னுதான் செத்தான்னு நாளைக்கு ஒரு பய சொல்லிரக் கூடாதுல்ல? எங்கடைப் பேரக் காப்பாத்த எழுதுனது. ஆஸ்பத்திரிக்காக நான் ஒரு துரும்பக் கூட நகட்டல.

லேசுப்பட்ட சோலியா அது? எங்க பஞ்சாயத்துத் தலைவரம்மா கிருஷ்ணம்மாவுக்குச் செவப்பு அட்டை. பக்கத்து வீட்டு மாரித்தாய்ட்டப் பச்சை அட்டை இருக்குல்ல, அவள அனுப்பி அரைக்கிலோ கேக்காக. மாரித்தாய்க்கு ஆயுசுல இனிப்பே பிடிக்காது, எனக்குத் தெரியாதா? "இங்கனயே நின்னு ரெண்டு தின்னு காட்டு தாயி, மிச்சத்தக் கட்டித் தாரேன்"னேன். வந்த வழியே ஓடிட்டா. பெறகு தலைவரம்மாவே வந்தாக. "துட்டுக் குடுத்து வாங்குற மிட்டாய்க்கு அட்டை கேக்குற கடை ஒலகத்துல வேற எங்கயாச்சும் உண்டாய்யா?"னு ஒரே சத்தம்.

"இது ஒண்ணுதாம்மா. அது கெடக்கட்டும், மத்தியான மாத்திரை போட்டாச்சா?"ன்னேன்.

நானே அவுக மாத்திரைய எடுத்து நீட்டுனேன்.

"பானையில தண்ணி இருக்கு. மொதல்ல மாத்திரையப் போடுங்க, பெறகு என்னய ஏசுங்க"ன்னேன். போட்டுட்டுப் போனாக.

ஆமா, மாத்திரை கடையிலயும் இருக்கும். வீட்ல மறந்தவுக, தீந்து போனவுக வாங்கிக்கிடட்டும்னு ஆளாளுக்குப் பேரு எழுதுன பொட்டலமாப் போட்டு ஒரு டப்பா குடுத்து வச்சிருக்கா அந்த சிஸ்டர். எனக்கு அது பெரிய எடைஞ்சல் அண்ணாச்சி. சேவுத் தட்டு வைக்கிற எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. யாராச்சும் ரெண்டு நாள் வரலேன்னா நானே வீட்டுக்குப் போயிக் குடுத்து, முழுங்குறாகளானு பாத்துட்டு வந்துருவேன். டப்பா காலியானாத்தான எனக்கு எடம் கெடைக்கும்? வேற எதுக்குப் போறேன்?

இப்பிடிப் போயிக்கிட்டிருக்கையில, புரட்டாசி மாசம் பாகு தெறிச்சு இந்தக் கால்ல விழுந்துச்சு. பெருவிரலுக்குப் பக்கத்துல. என் சர்வீசுல எத்தன தெறிச்சிருக்கு, நாலு நாள்ல காஞ்சு உதுந்துரும். இது காயல. நான் பாட்டுக்குத் துணியச் சுத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அவ கண்ணு சும்மா இருக்குமா?

"அண்ணே, இந்தப் புண்ணு எத்தன நாளா இருக்கு?"

"நேத்துப் பட்டது."

"நேத்துப் பட்ட புண்ணு இப்பிடி இருக்காது. விரலக் கொண்டாங்க."

"முடியாது."

"ஊருக்கெல்லாம் அட்டை கேக்கீகளே, ஒங்க அட்டை எங்கண்ணே?"

கூட்டம் பூராம் சிரிக்கி. தலைவரம்மா சிரிக்கிற சத்தம் தனியாக் கேக்கு. எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "ஊர்ல கடைசி ஆளு விரலக் குடுக்கட்டும், அன்னைக்கு ராமசுப்பு குடுப்பான்"னு சொல்லிட்டேன். நூறு பேரு முன்னால. சொன்னாச் சொன்னதுதான், அது எங்க வம்சத்துப் பழக்கம். அவ மறுவாரமே விரலக் குடுத்தவுக கணக்கு எழுதுன ஒரு தாளக் கொண்டாந்து வேன் கதவுல ஒட்டிட்டா. எங்க ஊர்ல முப்பது வயசுக்கு மேல முன்னூத்திப் பதினோரு பேரு. அன்னைக்கு வரைக்கும் விரலக் குடுத்தது தொண்ணூறோ என்னமோதான். எனக்கு ஒரு கவலையும் இல்ல. எங்க ஊரு ஆம்பளைக ஊசினு கேட்டாலே காட்டுக்குப் போயிருவாக. இந்தப் பெறவியில முடியாதுனு நிம்மதியா இருந்தேன்.

தீவாளி வந்துச்சு அண்ணாச்சி.

அங்கதான் எம்புத்தி என்னயக் கவுத்துருச்சு. தீவாளிக்கு எங்க ஊர்ல எங்கடை மிட்டாய் இல்லாம ஒரு வீட்லயும் சாமி கும்பிட மாட்டாக. மிட்டாய் வேணும்னா அட்டை வேணும். அட்டை வேணும்னா விரலக் குடுக்கணும். இத நான் ரோசிக்கவே இல்ல பாத்துக்கிடுங்க! தீவாளிக்கு முந்தின செவ்வாக்கெழமை பூவரச மரத்துல இருந்து கோயில் வாசல் வரைக்கும் வரிசை. கோயில் கொடைக்குக் கூட அம்புட்டுக் கூட்டம் நின்னதில்ல. ஊசினா ஓடுற பயலுகல்லாம் விரலத் தொடச்சுக்கிட்டு நிக்கானுக. ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டாவது வேன் வந்து எறங்குச்சு. நான் அடுப்படியில நின்னு பாகக் கிண்டிக்கிட்டே எட்டி எட்டிப் பாக்கேன், வரிசை கொறைய மாட்டேங்கு. பலகையக் கழட்டிருவமானு ஒரு நிமிசம் நெனச்சேன். கழட்டுனா ராமசுப்பு பயந்துட்டான்னு சொல்ல மாட்டாகளா? மாட்டுனது மாட்டுனபடி கெடந்துச்சு. சாயங்காலம் அந்த சிஸ்டர் கடைக்கு வந்து, "நல்லா இருப்பீகண்ணே, எல்லாம் ஒங்களாலதான்"னு கையெடுத்துக் கும்பிடுதா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

அன்னைக்கு மட்டும் இருபத்தேழு பேருக்குப் புதுசாக் கண்டுபிடிச்சாக. தச்சு வேலை பாக்குற சங்கிலிக்கு நாப்பது வயசுதான். அவனுக்கு எக்கச்சக்கமா ஏறிக் கெடந்துருக்கு, அவனுக்கே தெரியல. அப்பிடியே வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாக. அஞ்சு நாள் கழிச்சு நடந்து வந்தான். வந்தவன் வீட்டுக்குப் போகாம எங்கடை வாசல்ல நின்னு அழுதான். "ரோசத்துல எழுதுன பலகைடா, என்னய எதுக்குடா கும்பிடுத, போடா"னு வெரட்டிவிட்டேன். ஆனா ராத்திரி சோறு நல்லா எறங்குச்சு, பொய் சொல்லக் கூடாது.

தீவாளி முடிஞ்சு தாளப் பாத்தா, என்னயத் தவிர ஒரே ஒரு ஆளுதான் பாக்கி. யாருங்கீக? எங் கோமதி இருக்கால்ல, எம் பொஞ்சாதி, அவ தம்பி குருவையா. ஆடு மேய்க்கிற பய, ஊசினா ஆட்ட விட்டுட்டு ஓடிருவான். அவன்தான் எனக்குக் கோட்டைச் சுவரு. செவ்வாக்கெழமை விடிஞ்சா, "மாப்ள, மேக்க நல்ல புல்லு கெடக்காம், பத்திட்டுப் போ"னு அரைக்கிலோ மிட்டாயக் கட்டிக் குடுத்து அனுப்பிருவேன். மூணு வாரம் ஓட்டுனேன். நாலாவது வாரம் ஊரு கண்டுபிடிச்சிருச்சு. தலைவரம்மா முன்னால, பின்னால அம்பது பேரு. "மச்சினனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? அவன் அட்டை எங்கய்யா?"னு கேக்காக. உள்ள இருந்து கோமதி வந்தா. எனக்குச் சப்போட்டாப் பேசுவானு பாக்கேன். "என் தம்பிட்டயும் அட்டை கேளுங்க. இல்லேன்னா அந்தப் பலகையக் கழட்டி அடுப்புல வைங்க"னுட்டா. கட்டுனவளே!

போன செவ்வாக்கெழமை அவளே தம்பியக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்சா. கண்ண மூடிக்கிட்டு விரலக் குடுத்தான். பச்சை! முன்னூத்திப் பத்து. ஊரே கைதட்டுது. எல்லாரும் எங்கடையத் திரும்பிப் பாத்திருக்காக. நான் அங்க இருந்தாத்தான? புறவாசல் வழியாப் போயிப் பருத்திக் காட்டுக்குள்ள உக்காந்திருந்தேன், புண்ணுக் கால நீட்டிக்கிட்டு. அம்பத்தாறு வயசு ஆம்பள. அந்த சிஸ்டர் ஏசிட்டுப் போயிருந்தாக் கூடப் பரவால்ல. "அண்ணன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லக்கா, அடுத்த வாரம் வாரேன்னு சொல்லுங்க"னு கோமதிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா.

இன்னைக்குச் செவ்வாக்கெழமை. ஆமா. இந்நேரம் வேன் மரத்தடிக்கு வந்திருக்கும்.

என்ன கேட்டீக? ஒரு குத்துக்கா இம்புட்டுப் பயம்னா? ஊசிக்கு யாரு பயந்தா! கொதிக்குற பாகுல விரல நனைச்சுப் பதம் பாக்குறவன் நான்.

இல்ல அண்ணாச்சி, ஒங்களுக்கு என்னயத் தெரியாது, ஒங்ககிட்டச் சொல்லலாம். எங்கய்யாவுக்கும் கால்லதான் வந்துச்சு. எட்டு மாசம் துணியச் சுத்தி மறைச்சே வச்சிருந்தாரு. பதினோரு ஓடு குடுத்த ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, போகல. கேட்டா, பாகு தெறிச்சதுனு சொல்லுவாரு. வீச்சம் எடுத்த பெறகு நாங்களாத் தூக்கிட்டுப் போனோம். சோதிச்சாக, சுகர்னாக, கைமீறிப் போச்சுனு மதுரைக்கு அனுப்புனாக. அங்க முழங்காலுக்குக் கீழ எடுத்தாக. நாப்பது நாள்ல போயிட்டாரு. அப்ப இருந்து எனக்குள்ள ஒண்ணு உக்காந்துருச்சு. சோதிக்காத வரைக்கும் நல்லாத்தான இருந்தாரு, சோதிச்ச அன்னைக்குத்தான எல்லாம் வந்துச்சுனு. தப்புனு தெரியாமயா இருக்கு? சீக்கிரம் தெரிஞ்சா மாத்திரையோட போயிரும்னு ஊருக்கெல்லாம் சொல்லுதேன், சங்கிலிக்குச் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கிட முடியல. பயமா இருக்கு அண்ணாச்சி. மெய்யாவே பயமா இருக்கு.

எங்க போறேன்னா கேக்கீக? அங்கதான். ஓட்டாஸ்பத்திரிக்குத்தான். முன்னூறு பேரு வேடிக்கை பாக்க மரத்தடியில உக்கார என்னால ஆகாது. அங்கன யாருக்கும் என்னயத் தெரியாது. ஜெபராணியும் இன்னைக்கு எங்க ஊர்லல்ல இருப்பா, அவ மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன். கோமதிட்ட ஏலக்கா வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். கடையில ரெண்டு டப்பா ஏலக்கா இருக்கு, அவளுக்குத் தெரியும். ஆனாலும் வெளுத்த சட்டையா எடுத்துக் குடுத்தா. "வெறும் வயித்தோட போறீக, பைய நடங்க"ன்னா.

அந்தா, தெரியுது பாருங்க வெள்ளைக் கட்டடம். மூணு மாடி. வந்துருச்சு. சவம், மத்த நாளெல்லாம் உருட்டுற பஸ்சு இன்னைக்குப் பறந்து வந்துருக்கு.

எந்திரிக்கணும். எந்திரிக்கேன். காலு மாட்டேங்கு அண்ணாச்சி. புண்ணு இல்ல, ரெண்டு காலுந்தான் மாட்டேங்கு. ஒண்ணு கேக்கட்டா? நீங்க அவசரமாப் போகணுமா? அடுத்த பஸ்சு அரைமணியில வந்துரும். பேச்செல்லாம் ஒண்ணும் வேண்டாம், விரலக் குடுக்கும்போது பக்கத்துல ஒரு ஆளு சும்மா நின்னாப் போதும். ஒங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம், நான்...

எந்திரிச்சுட்டீகளா? மெய்யாவா?

ஏ கண்டக்டரே, விசில் அடிச்சிராதீக, பொறுங்க! ஒரு ஆளு இல்ல, ரெண்டு பேரு எறங்கணும்!